முகக்கவசம் முதல் வெள்ளைக்கொடி வரை: ஊரடங்கில் துணி பேசிய அரசியல்

2020 மார்ச் 31. கோவிட் தொற்றுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு பெண்களுக்காகச் சில அறிவுரைப் படங்களைச் சமூக ஊடகங்களில் வெளியிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்தாலும் வீட்டு உடுப்போடு உட்காராதீர்கள், வழக்கம்போல ஒப்பனை செய்து நேர்த்தியாக உடுத்துங்கள் என்றது ஒரு படம். கணவர் துணி காயப்போடும் விதம் பிடிக்கவில்லையா, நச்சரிக்காமல் டோரேமோன் என்ற கார்ட்டூன் பூனையின் குரலில் கொஞ்சிச் சொல்லுங்கள் என்றது இன்னொன்று. நாடே கொதித்துப்போனது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை செய்தி போனது. அமைச்சு மன்னிப்புக் கேட்டது, படங்களை எடுத்துவிட்டது.

யாரோ ஓர் அதிகாரியின் அசட்டுத்தனம் என்று பலர் அத்தோடு அதை விட்டுவிட்டார்கள். உடையைப் பற்றி எழுதிப் பிழைக்கும் என்னால் விட முடியவில்லை. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, ஆபீஸ் இல்லை, உனக்கு இனி எழுத என்ன இருக்கிறது என்று அப்போது சிலர் கேட்டார்கள். நிறையவே இருந்தது. அடுத்த பதினேழு மாதங்களில் இந்த நாட்டில் நடந்த முக்கியமான அரசியல் சம்பவங்கள் பலவும் ஏதாவது ஒரு துணியைப் பிடித்துக்கொண்டே வந்தன. முகக்கவசம், மருத்துவமனை அங்கி, அமைச்சரின் பூப்போட்ட சட்டை, ஃபிளாட் ஜன்னலில் தொங்கிய வெள்ளைத் துணி, கடைசியில் கறுப்புச் சட்டை. மக்கள் என்ன உடுத்த வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல ஓயாமல் வாய் திறந்த அரசு, அந்தத் துணியைத் தைத்தவர்களையும் துவைத்துக் காயப்போட்டவர்களையும் கடைசிவரை கணக்கில் எடுக்கவில்லை. இதுதான் என் முறையீடு.

பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரி 24இல் பிரதமர் மகாதீர் பதவி விலகினார். கட்சித் தாவல்களில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி அரசு கவிழ்ந்தது. பேரம் பேசக் கூடிய ஹோட்டலின் பெயரால் அதை ‘ஷெராட்டன் நகர்வு’ என்று மக்கள் சொல்கிறார்கள். மார்ச் 1இல் முகைதீன் யாசின் பிரதமரானார். தேர்தலில் நின்று வந்த ஆட்சி இல்லை. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருக்கிறதா என்பதும் சோதிக்கப்படவில்லை. மார்ச் 9இல் கூட வேண்டிய நாடாளுமன்றத்தை மே 18க்குத் தள்ளிவைத்தார்கள். அன்றும் மாமன்னர் உரையோடு ஒரே நாளில் கூட்டம் முடிந்தது. இதற்கு நடுவில், மார்ச் 18இல், நாட்டைப் பூட்டினார்கள்.

பூட்டியதில் தவறு இல்லை. நோய் அப்படிப் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் நாடாளுமன்றம் கூடாத அந்த மாதங்களில் அரசு மக்களோடு பேசிய இடம் தொலைக்காட்சி மட்டும்தான். மாலை 5 மணிக்கு சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லா அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார். அதே மாதிரி தற்காப்பு அமைச்சராகவும் மூத்த அமைச்சராகவும் இருந்த இஸ்மாயில் சப்ரி அன்றன்றைக்கு மாறும் விதிகளைச் சொல்வார். எது திறக்கலாம், எத்தனை பேர் காரில் போகலாம், எத்தனை கிலோமீட்டர் போகலாம். அவர் போட்டுவந்த பளிச்சென்ற பூப்போட்ட சட்டைகள் தனிப் பேச்சாகவே மாறின. இன்றைக்கு என்ன சட்டை என்று பார்க்கவே பலர் சேனலைத் திருப்பினார்கள்.

நம் அரசியல்வாதிகளின் உடையைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். சொங்கோக் தொப்பியும் பாஜு மெலாயு என்ற மலாய் உடையும் அதிகாரத்துக்கு, கட்சிச் சட்டை தொகுதிக்கு, கோட்டு வெளிநாட்டுக்கு. பூப்போட்ட சட்டை இதில் எதிலும் சேராது. அது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் பெரியப்பா போட்டிருக்கும் சட்டை. ஆயிரம் ரிங்கிட் அபராதம் என்ற செய்தி அந்தச் சட்டைக்குள்ளிருந்து வரும்போது அவ்வளவு கடுமையாகத் தெரியவில்லை. பிரதமரைப் பலர் ‘அபா’, அதாவது அப்பா, என்று கூப்பிடத் தொடங்கிய காலமும் அதுதான். சாமான் வாங்கக் குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும்தான் வெளியே போகலாம் என்று விதி வந்தது. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எது கொத்தமல்லி, எது புதினா என்று தெரியாமல் சூப்பர்மார்க்கெட்டில் போனில் கேட்டுக்கொண்டு நின்ற ஆண்களின் படங்கள் நாடு முழுக்கச் சுற்றின.

அந்த டோரேமோன் படத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். அரசு தன்னை அப்பாவாகவும், நாட்டை ஒரு வீடாகவும் கற்பனை செய்துகொண்டது. அந்த வீட்டில் பெண்ணுக்குக் கொடுத்த வேலை, அழகாக உடுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசுவது. அதே நாட்களில் மகளிர் உதவி இயக்கத்துக்கும் 15999 என்ற தாலியான் காசே அரசு உதவி எண்ணுக்கும் வீட்டு வன்முறை பற்றிய அழைப்புகள் கூடிக்கொண்டிருந்தன. பெண்கள் நச்சரிப்பதுதான் வீட்டின் பிரச்சினை என்று ஓர் அமைச்சே நினைத்த வாரங்களில், அடி வாங்கிய பெண்கள் வாசலைத் தாண்ட வழியில்லாமல் இருந்தார்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இங்கேதான்.

என் துறையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2020 ஏப்ரல் 30இல் புளூ இன்க் மீடியா மூடப்பட்டது. ஹெர் வேர்ல்ட், கிளியோ, ஃபீமேல் என்று இந்த நாட்டுப் பெண்கள் தலைமுறைகளாக சலூனிலும் பல் டாக்டர் கிளினிக்கிலும் புரட்டிய இதழ்கள் அந்த நிறுவனத்திலிருந்து வந்தவை. அதே சமயத்தில் எஸ்பிரிட் மலேசியாவிலிருந்து வெளியேறியது. அக்டோபர் கடைசியில் ராபின்சன்ஸ் மூடப்போவதாக அறிவித்தது. விளம்பரம் போனது, பத்திரிகை போனது, எழுதியவர்களுக்கு வேலை போனது. சரி, எல்லாத் துறையிலும் இதுதான் கதை.

தையல் மெஷின் மட்டும் நிற்கவில்லை. மருத்துவமனைகளில் பாதுகாப்பு அங்கிகள் தீர்ந்துகொண்டிருந்தன. குப்பைப் பையை வெட்டி மாட்டிக்கொண்டு ஊழியர்கள் வேலை செய்த செய்திகள் வந்தன. மலேசிய ஆடை வடிவமைப்பாளர் சங்கமான மோடாவும், மெலிண்டா லூய் போன்ற பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களும் தங்கள் பட்டறைகளை அங்கி தைக்கத் திருப்பினார்கள். சிறைகளில் கைதிகள் தைத்தார்கள். இவையெல்லாம் செய்தியில் வந்தன, வர வேண்டியதும்தான். செய்தியில் அதிகம் வராதவர்கள் ஃபிளாட்டுகளில் இருந்து தைத்த பெண்கள்.

கோலாலம்பூரின் செந்தூலில் பிளவுஸும் பஞ்சாபி சூட்டும் தைத்துக் குடும்பம் நடத்தும் அக்கா ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஒரு தன்னார்வக் குழு வெட்டிய துணியை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகும். தைத்ததை வந்து எடுத்துக்கொள்ளும். அது நெய்த துணியே இல்லை, ஸ்பன்பாண்ட். பிளாஸ்டிக் இழைகளை அழுத்தி ஒட்டியது. பருத்தியில் ஊசி ஏறினால் இழை விலகி வழிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளும். இதில் குத்திய ஓட்டை குத்தியபடியே நிற்கும். அதனால் குண்டூசி போட முடியாது, துணி கிளிப்பால் பிடித்துத்தான் தைக்க வேண்டும். தையல் கோணலாகப் போனால் பிரித்துத் தைக்க வழியில்லை. பிரித்த இடமெல்லாம் ஓட்டை, துண்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். சூடான அயர்ன் பெட்டியை வைத்தால் சுருங்கி உருகும். முதுகில் இரண்டு பக்கமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூட வேண்டும், மணிக்கட்டில் எலாஸ்டிக் இறுக்கமாக உட்கார வேண்டும். மெஷினில் தையல் நீளத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார் அக்கா, ஓட்டைகளின் எண்ணிக்கை குறையட்டும் என்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரே கண்டுபிடித்தது.

“பிளவுஸ்ல நூல் பிசகுனா கஸ்டமர் ஏசுவாங்க, அவ்ளோதான். இதுல பிசகுனா ஒரு நர்சுக்கு நோய் வந்துரும்மா” என்றார் போனில்.

இதற்குக் கூலி கிடையாது. அவரும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சித்திரை வைகாசியில் கல்யாண ஆர்டர் ஒன்றுகூட இல்லை. சித்திரைப் புத்தாண்டும் வீட்டுக்குள்ளேயே போனது. மார்ச் 27இல் பிரதமர் 250 பில்லியன் ரிங்கிட் பிரிஹாத்தின் உதவித் திட்டத்தை அறிவித்தபோது, கோரேங் பீசாங் என்ற வாழைப்பழப் பொரியல் விற்கும் ‘மக்சிக் கியா’ என்ற கற்பனைப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்து, அவர் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நல்ல உத்திதான், எல்லோருக்கும் புரிந்தது. நாலாயிரம் ரிங்கிட்டுக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பம் என்பதால் அக்காவுக்கும் இரண்டு தவணையாக 1,600 ரிங்கிட் வந்தது. ஆனால் ஏப்ரல் 6இல் குறுந்தொழில்களுக்கு 3,000 ரிங்கிட் மானியம் என்று அறிவித்தார்களே, அது வரவில்லை. எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்திலோ நகராண்மையிலோ தொழிலைப் பதிந்திருக்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் ஒரு மெஷினை வைத்துத் தைக்கும் பெண்கள் எத்தனை பேர் பதிந்திருப்பார்கள்? அங்கி தேவைப்பட்டபோது அவர் வீடு ஒரு பட்டறை. உதவி கொடுக்கும்போது அப்படி ஒரு பட்டறையே ஏட்டில் இல்லை.

மஸ்ஜித் இந்தியாவில் நடந்தது இன்னும் கொடியது. கோலாலம்பூர்த் தமிழர்களுக்கு அந்தத் தெருவைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சேலை, சுடிதார், பாஜு கூரோங், பூமாலை, நகை, பிரியாணி எல்லாம் அங்கேதான். துணிக்கடைகளுக்கு மேலே எழும்பி நிற்கும் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்ற இரண்டு பழைய கட்டடங்களில் ஆயிரக்கணக்கானோர் குடியிருந்தார்கள். பெரும்பாலும் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளர்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். கீழே கடைகளில் துணியை விரித்துக் காட்டுபவர்களும், மூட்டை தூக்குபவர்களும், உணவகங்களில் பரிமாறுபவர்களும் மேலே அறை அறையாக நெருக்கிப் படுத்தவர்கள்தான். ஏப்ரல் 7இல் இரண்டு கட்டடங்களையும் கடுமையாக்கப்பட்ட ஆணையின் கீழ் பூட்டினார்கள். சுற்றிலும் முள்கம்பி வந்தது. வழக்கமாக நோன்பு காலத்தில் பசார் போட்டு நடக்க இடமில்லாமல் இருக்கும் தெரு அது.

ஆவணம் இல்லாதவர்களும் பயப்படாமல் பரிசோதனைக்கு வரலாம் என்று முன்பு அரசு சொல்லியிருந்தது. மே 1, தொழிலாளர் தினத்தன்று, அதே வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை இறங்கி நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துக்கொண்டு போனது. பிடிபட்டவர்களில் சிறு குழந்தைகளும் இருந்தார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பு கண்டித்தது, உள்ளூர் உரிமை அமைப்புகள் கண்டித்தன. நம் சமூகத்தில் அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவாகவே இருந்தது என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. தீபாவளிக்கு நாம் எடுத்த சேலைகளை எத்தனை முறை அவர்கள் மடித்து மடித்து அடுக்கியிருப்பார்கள்.

கையுறையும் உடைதான் என்று சொன்னால் என் துறைக்காரர்கள் யோசிப்பார்கள். நான் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். உலகத்தின் கைகளை மூடிய ரப்பர் கையுறையில் பெரும்பங்கு மலேசியாவில் செய்தது. தோப் கிளோவ் நிறுவனம் அந்த வருடம் வரலாறு காணாத லாபம் பார்த்தது. நவம்பரில் அதன் கிள்ளான் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று கண்டு, 28 ஆலைகளைக் கட்டம் கட்டமாக மூட உத்தரவானது. பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். உலகத்துக்குப் பாதுகாப்பு செய்து அனுப்பியவர்கள் இரவில் படுத்தது நெருக்கியடித்த கட்டில்களில்.

முகக்கவசத்துக்கு வருகிறேன். 2020 ஆகஸ்ட் 1 முதல் பொதுப் போக்குவரத்திலும் கூட்டமான இடங்களிலும் கவசம் கட்டாயம், இல்லாவிட்டால் ஆயிரம் ரிங்கிட். கட்டாயமாக்கியது சரியான முடிவு. ஆனால் கணக்குப் பாருங்கள். அந்த மாதம் மூன்றடுக்குக் கவசத்தின் உச்ச விலையை ஒரு ரிங்கிட்டாகக் குறைத்தார்கள். வெளியே போய்வர வேண்டிய ஐந்து பேர் குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று, மாதத்தில் 26 நாள் என்றால் 130 ரிங்கிட். நகரத்தில் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 1,200. பத்தில் ஒரு பங்குக்கு மேல் மூக்கையும் வாயையும் மூடவே போய்விடும். அதனால்தான் நம் வீடுகளில் துணிக்கவசம் அவ்வளவு வேகமாகப் பரவியது. பழைய வேட்டி உள்பக்கம், சுடிதாரில் மிஞ்சிய துண்டு வெளிப்பக்கம், நடுவில் ஓர் அடுக்கு. மூன்று அடுக்கு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஜூனில் சொன்னதை வாட்ஸப் வழியாகவே எல்லோரும் தெரிந்துவைத்திருந்தார்கள். அப்புறம் அழகுணர்ச்சி தானாக வந்து சேர்ந்தது. நவம்பர் 14 தீபாவளிக்குச் சேலை பார்டரிலேயே கவசம் தைத்துக் கேட்டார்கள். அதைச் சிலர் வீண் ஆடம்பரம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்துகொண்டே அணிய வேண்டிய ஒன்றைத் தன்னுடையதாக்கிக்கொள்ள மனிதர்களுக்கு வேறு வழி ஏது?

2021 வந்தது. ஜனவரி 12இல் நாட்டில் அவசரகாலம் அறிவிப்பு, நாடாளுமன்றம் முடக்கம். மார்ச்சில் அபராதத்தின் உச்சம் பத்தாயிரம் ரிங்கிட்டானது. ஜூன் 1 முதல் மறுபடி முழு அடைப்பு. துணிக்கடையும் தையற்கடையும் மூடின. அனைத்துலக வாணிப அமைச்சின் அனுமதிக் கடிதம் வைத்திருந்த தொழிற்சாலைகள் பல ஓடின. இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிச் சேமிப்பிலிருந்து மாதாமாதம் எடுத்துச் சாப்பிட்டவர்களுக்கு எடுக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை. 2019இல் 5.6 விழுக்காடாக இருந்த முழு வறுமை விகிதம் 2020இல் 8.4 ஆகியிருந்தது.

ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடி கிளம்பியது. சாப்பாட்டுக்கு வழியில்லையா, வாய் திறந்து கெஞ்ச வேண்டாம், வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர் வந்து பார்ப்பார். இவ்வளவுதான் செய்தி. எந்தக் கட்சியும் தொடங்கவில்லை, எந்த அமைச்சும் படம் வரையவில்லை. கோலாலம்பூரின் மக்கள் வீடமைப்பு ஃபிளாட்டுகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால், வழக்கமாகத் துணி காயும் மூங்கில் கழிகளில் தலையணை உறை, பனியன், பள்ளிச் சட்டை என்று தொங்கின. ஒன்றிரண்டில் கரை தெரிய வேட்டித் துண்டு. எது காயப்போட்டது, எது உதவி கேட்பது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. அதனால் சிலர் கழியின் நுனியில் தனியாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். தொண்டூழியர்கள் அந்த முடிச்சைப் பார்த்துத்தான் மாடி ஏறினார்கள். கொடி கட்டிய வீடுகளையும் உணவு கிடைக்கும் இடங்களையும் வரைபடத்தில் காட்ட ‘சம்பல் எஸ்ஓஎஸ்’ என்ற செயலியை இளைஞர்கள் உருவாக்கினார்கள். கோயில், சூராவ் என்ற சிறு தொழுகைக்கூடம், தேவாலயம் என்று பார்க்காமல் அரிசி கைமாறியது.

அரசியல்வாதிகள் சிலருக்கு இது பொறுக்கவில்லை. கெடா மாநில முதல்வரான மந்திரி புசார் சனுசி இதை அரசியல் பிரசாரம் என்றார். பாஸ் கட்சியின் பாச்சோக் எம்பி, கொடியைத் தூக்காதீர்கள், கையைத் தூக்கி இறைவனை வேண்டுங்கள் என்றார். ஒரு தலையணை உறைக்கு ஏன் இவ்வளவு பயம்? உதவித் திட்டங்களின் எண்ணிக்கையை மேடையில் சொல்லிவிடலாம். தெருவைப் பார்த்துத் தொங்கும் துணியை மறைக்க முடியாது. டோரேமோன் குரலில் காயப்போடச் சொன்ன அதே கொடிக்கயிற்றில் மக்கள் தங்கள் பதிலைத் தொங்கவிட்டார்கள்.

ஜூலையில் நிறம் மாறியது. சமூக ஊடகங்களில் அரசை எதிர்த்துக் கறுப்புக்கொடி. 2016 இறுதியிலிருந்து ஒப்பந்த முறையில் மட்டுமே எடுக்கப்பட்டு, நிரந்தரம் ஆவோமா, நிபுணத்துவப் படிப்பு கிடைக்குமா என்று தெரியாமல் வேலை செய்த இளம் மருத்துவர்கள் ஜூலை 26இல் காலை 11 மணிக்குக் கறுப்பு உடையில் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் இருந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு நாடாளுமன்றம் கூடியதும் அதே நாளில்தான். ஜூலை 31இல் டத்தாரான் மெர்டேக்கா என்ற சுதந்திரச் சதுக்கத்துக்கு அருகே இளைஞர்கள் கறுப்புச் சட்டையில், கவசம் போட்டு, இடைவெளி விட்டு நின்றார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிய பொம்மைப் பிணங்களைத் தூக்கி வந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன் பசியைச் சொன்ன வெள்ளை அன்றைக்குப் பிணத்தைச் சுற்றும் கஃபன் துணியாக வந்தது. நான் இத்தனை வருடம் பார்த்த எந்த மேடை அலங்காரமும் அந்தக் காட்சியின் பக்கத்தில் நிற்காது. உடுத்தியிருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏன் உடுத்தினோம் என்று தெரிந்து உடுத்தியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 16இல் முகைதீன் பதவி விலகினார். கட்டுப்பாடு கடுமையாக இருந்த மாநிலங்களிலும் துணிக்கடை, நகைக்கடை, முடிதிருத்தகம் உள்ளிட்ட பதினோரு வகைத் தொழில்களைத் திறக்கலாம் என்ற அனுமதி நடைமுறைக்கு வந்ததும் அன்றைக்குத்தான். ஐந்து நாள் கழித்து, பூப்போட்ட சட்டையில் விதிகளைப் படித்த இஸ்மாயில் சப்ரி பிரதமராகப் பதவியேற்றார். அக்டோபர் 11இல் மாநில எல்லைகள் திறந்தன, நவம்பர் 4 தீபாவளிக்கு மஸ்ஜித் இந்தியாவில் பழையபடி கூட்டம்.

செந்தூல் அக்காவுக்கு அந்தத் தீபாவளியில் தூங்க நேரமில்லாத அளவுக்கு ஆர்டர் வந்தது. அது முடிந்ததும் அவர் செய்த முதல் வேலை, எஸ்எஸ்எம்மில் தன் பெயரிலேயே தொழிலைப் பதிந்தது. வருடத்துக்கு 30 ரிங்கிட். அவர் பிளாக்கில் தைக்கும் மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார். அவர்கள் வரவில்லை. வாடகை ஃபிளாட்டில் தொழில் நடத்துவது ஏட்டில் ஏறிவிட்டால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள்.